கடைசியாகச் சேர்ந்த பாகம்

உங்கள் லேப்டாப்பில் ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொள்கிறது, சார். நீங்கள் தட்டும் சத்தத்திலேயே தெரிகிறது. மற்ற பட்டன்கள் டக்கென்று எழுந்து வருகின்றன, அது மட்டும் அரை மனதோடு எழுகிறது. டீ கொட்டியிருக்கிறீர்கள், அதுவும் சர்க்கரை போட்ட டீ. கைக்குட்டையால் மேலாகத் துடைத்திருப்பீர்கள். அடியில் அது பாகாக உறைந்து, பிஸ்கட் தூளும் முடியும் அதில் ஒட்டிக் கிடக்கும். அதன் மேல்தான் இப்போது என் வாக்குமூலத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

லேப்டாப் சர்வீஸ் என்றால் மூளை வேலை என்று நினைக்கிறார்கள். பாதி நாள் துப்புரவு வேலைதான். ஒரு கீபோர்டைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினால் என்னவெல்லாம் விழும் தெரியுமா? பொடுகு, கடித்துத் துப்பிய நகம், புருவ முடி, கரப்பான் முட்டை, காய்ந்த சளி. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருகிறவர்களின் கீபோர்டுதான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். அதனால் நான் கிளவுஸ் போடாமல் எதையும் தொடுவதில்லை. கடைத்தெருவில் எனக்குப் பெயரே ‘கிளவுஸ்’தான். டீக்கடைக்காரர் கேலி செய்வார். “கிளவுஸ் அண்ணே, உங்க டீயை மட்டும் ஸ்பிரிட் போட்டுக் கழுவிக் குடுக்கவா?” நானும் சிரிப்பேன். என் டம்ளரை நானே கொண்டுபோய்விடுவேன்.

எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நான்தான் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். கல்லூரி முடித்த பிறகும் அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் வீடு மூன்றாவது மாடியில். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு சீப்பு. தலை வாரினால் பால்கனியில் நின்றுதான் வாரவேண்டும். வெளியிலிருந்து வந்தால் முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் எதையும் தொடவேண்டும். பாப்பா சின்ன வயதிலேயே எல்லாம் பழகிவிட்டாள். அந்த வீட்டில் தரையில் ஒரு முடி கிடந்து நான் பார்த்ததில்லை. நிம்மதியாக இருந்தோம்.

பிறகு அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அவளே பார்த்த பையன். கட்டப் போகிற கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவன் வேலை. அதை நிஜம்போலப் படமாக்குவதை ரெண்டரிங் என்பார்கள், மணிக்கணக்கில் ஓடும், மெஷின் கொதிக்கும். அவன் இருந்த இடம் எலிவளை. இங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் சொன்னேன். ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று ஊர் சிரிக்குமே என்றுகூட அவன் கூச்சப்படவில்லை. கல்யாணப் பரிசாக ஒரு லேப்டாப்பும் கொடுத்தேன். மூடப்பட்ட ஒரு அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரி இரண்டு வாங்கியிருந்தேன். சாதாரண லேப்டாப் இல்லை, வரைபடக்காரர்களுக்கென்றே செய்த வொர்க்ஸ்டேஷன் ரகம். தனி கிராபிக்ஸ் கார்டு, செங்கல் கனத்தில் சார்ஜர். ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

இனி அவனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவன் கட்டிலில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் தலையணை, தலையணையின் மேல் லேப்டாப் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்வான். பக்கத்திலேயே தட்டு. முட்டையைக் கையால் பிய்த்துத் தின்பான், விரலை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சப்புவான், அதே விரலால் டச்பேடைத் தடவுவான். யோசிக்கும்போது தலையைச் சொறிவான். சொறிந்த நகத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பான். கால் நகத்தை வெட்டி ஜன்னல் விளிம்பில் அடுக்கிவைப்பான். ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது என் துண்டு ஈரமாக இருந்தது. அதை எரித்துவிட்டேன். அவன் வந்து கேட்கிறான், “மச்சான், அந்த நீலத் துண்டு எங்க? நல்லா ஈரம் உறிஞ்சுமே.”

பாப்பாவுக்கு அருவருப்பு வரவில்லை. அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. அவன் பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டுவான், அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். என் வீட்டில், என் கண் முன்னால், எச்சில் பிஸ்கட்டை. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

“அவர் அப்படித்தான்ணா. எனக்கு ஒண்ணும் தோணல.”

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் கூடத்துக்கு வந்தால் நிறுத்திக்கொள்வார்கள். அந்த மரியாதை மட்டும் கடைசிவரை இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, சார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று மக்கர் செய்தால் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. கடைசியாக என்ன சேர்ந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். புது மெமரி போட்டார்களா, புது பிரின்டர் மாட்டினார்களா, புது டிரைவர் ஏறியதா? அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். பத்தில் எட்டு மெஷின் அங்கேயே சரியாகிவிடும். நல்ல விதி அது. என்னை அது ஏமாற்றியதே இல்லை.

ஒரு காலை அவன் கடைக்கே வந்துவிட்டான், லேப்டாப்பைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

“மச்சான், ரெண்டு நாளா ரெண்டரிங் போட்டா நீலத் திரை வந்து செத்துப்போகுது. ஃபேன் வேற விமானம் மாதிரி கத்துது. வெளி மானிட்டர் மாட்டினா தெரியவே மாட்டேங்குது. அடுத்த வாரம் ஒரு கம்பெனிக்குப் படம் ஓட்டிக் காட்டணும். பெரிய வேலை.”

“எங்க இருக்கு கம்பெனி?”

“வெளியூர்தான். கெடைச்சா அங்கேயே வீடு பார்த்துப் போயிரலாம்னு இருக்கோம். பாப்பா உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?”

அவனும் அவளைப் பாப்பா என்றான்.

அன்று மதியம் சாப்பாடு கொண்டுவந்தபோது அவளிடம் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “உனக்கும் எங்களால தொந்தரவுதானேண்ணா. வீட்டுல ஒரு டம்ளர் எடுக்கக்கூட எனக்குப் பயமா இருக்கு. தனியா இருந்தா ரெண்டு பக்கமும் நிம்மதி.” அவன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் அப்படிப் பேசுகிற பெண்ணே இல்லை.

லேப்டாப்பை அன்றே எடுத்தேன். வேலையில் நான் குறை வைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது. முதலில் மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன், கோளாறு அதில் இல்லை. டிஸ்க்கும் நன்றாக இருந்தது. குறை டிரைவரில்தான். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவே நின்று, இதன் பேச்சை அதற்கும் அதன் பேச்சை இதற்கும் எடுத்துச் சொல்கிற சின்ன மென்பொருள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நல்லவர்களாகவே இருந்தாலும் நடுவில் இருப்பவன் கோணலாக இருந்தால் வீடு விளங்காது. இந்த ரக கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி டிரைவர் உண்டு. தானியங்கி அப்டேட் அதைத் தூக்கிவிட்டு ஊருக்கெல்லாம் பொதுவான ஒன்றைப் போட்டுவிட்டது. சேஃப் மோடில் அதை வேரோடு பிடுங்கி, சரியானதை ஏற்றினேன். நீலத் திரை போயிற்று. வெளி மானிட்டரும் தெரிந்தது.

ஃபேன் கத்துவது மட்டும் நிற்கவில்லை. அடிப்பலகையைத் திறந்தேன்.

ஃபேனின் வாயில் தூசி ஒரு கம்பளித் துண்டாகத் திரண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்து, கெட்ட வாடையோடு. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. உள்ளே அச்சைச் சுற்றி முடி. அவனுடையது சுருட்டை, குட்டை. அதோடு பின்னிக்கொண்டு நீள முடி. அது யாருடையது என்று நான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எத்தனை வருடம் பின்னிவிட்டிருக்கிறேன்.

பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, புது கிளவுஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீள முடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனியே வைத்தேன். வெகுநேரம் ஆயிற்று. சுருட்டையைக் குப்பையில் போட்டேன். மற்றதைக் கழுவிக் காயவைத்தேன். அது என் மேஜை டிராயரில் ஒரு காகிதத்தில் மடித்திருக்கும், உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்கள். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, முடிந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு அடிப்பலகையை மூடினேன். மூடும்போது உள்ளே இருந்த பேட்டரி உப்பியிருந்தது. எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

இதற்கும் எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. வாடிக்கையாளர் என்ன குறை சொன்னாரோ அதைத்தான் பார்க்கவேண்டும், கேட்காததில் கை வைக்கக்கூடாது. நீலத் திரை, ஃபேன் சத்தம், வெளி மானிட்டர். அவன் கேட்டது இவ்வளவுதான். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரப்பர் கால்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், லேப்டாப் அடியில் இருக்கும் நான்கு சின்ன ரப்பர்களையும் பிய்த்துவிட்டு, உயரமானவற்றை நான்தான் ஒட்டினேன். அடி உப்பியிருந்தால் மேஜையில் வைக்கும்போது ஆடும். ஆடுகிற பொருளைக் கொடுத்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர். பேட்டரியை மாற்றச் சொல்லித் திரையில் வருகிற எச்சரிக்கையையும் நான்தான் நிறுத்திவைத்தேன். வேலை நடுவே அது குறுக்கே குறுக்கே வந்து தொல்லை செய்யும்.

மெஷினைக் கையில் வாங்கியதும் அவன் அங்கேயே ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தான். ஒரு மாடிப்படி வளைந்து மேலே போக, ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. நன்றாகத்தான் வரைந்திருந்தான். கண் கலங்கிவிட்டான். “மச்சான், நீங்க மட்டும் இல்லேன்னா நான் நடுத்தெருவுல நிப்பேன்,” என்று சொல்லி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பிசுபிசுத்த கை. கிளவுஸைக் கழற்றியிருந்தேன். அவன் போன பிறகு மூன்று தடவை கழுவினேன்.

மறுநாள் வீட்டில் கேட்டான், “டச்பேட் கொஞ்சம் தூக்கலா இருக்கே மச்சான்?”

“புது டிரைவர் மாப்பிள்ளை. பழகினா சரியாயிடும்.”

“அப்படியா,” என்றான். நான் எது சொன்னாலும் நம்புவான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இயந்திரத்தைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, அதன் மேல் படுத்து உருளத்தான் தெரியும்.

அந்த வாரம் முழுக்க மதியத்தில் ரெண்டரிங் ஓடியது. சார்ஜர் மாட்டியபடி, தலையணை மேல், காற்றுப் போகிற துளையெல்லாம் அமுங்கிக் கிடக்க. நான் ஒவ்வொரு நாளும் எதையாவது வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் கிளவுஸ் பெட்டி, ஒருநாள் அலமாரிச் சாவி. மதியம் போன் செய்து பாப்பாவைக் கொண்டுவரச் சொல்வேன். வந்தவளை ஏதாவது பேசி உட்காரவைப்பேன். அவள் மேல் ஒரு தீப்பொறிகூடப் படக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். இதை நீங்கள் தடித்த எழுத்தில் போடவேண்டும். சொந்த அண்ணனைத் தவிர யார் இவ்வளவு பார்த்துச் செய்வார்கள்?

அவள் கிளவுஸ் பெட்டியோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஜன்னலில் புகை வருகிறது, உள்ளே ஆள் கத்துகிறார் என்று. பாப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

அவன் சாகவில்லை. உங்களுக்கே தெரியும். வயிறு, நெஞ்சு, முகவாய், இரண்டு கைகள். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி அவனால் மவுஸ் பிடிக்க முடியாது என்று பாப்பா சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலிலேயே அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. மருந்தும் சீழும் வெந்த தோலும் கலந்தது. அதற்கு மேல் என்னால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. உள்ளே பாப்பா அவன் முகவாயில் வழிந்ததைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளவுஸ் இல்லை. வெறுங்கை. துடைத்துவிட்டுக் கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டினாள். பாதி அவள் கையில் வழிந்தது. முகம் சுளிக்கவில்லை. என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான். அந்த உதடுகளை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். மீதிக் கஞ்சியை அவள் அதே கரண்டியால் குடித்தாள்.

உள்ளபடி சொல்கிறேன், சார். அந்த நிமிடம்தான் எனக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது. இவளுக்காகவா இவ்வளவும் செய்தேன் என்று இருந்தது.

“வாசல்லயே ஏண்ணா நிக்கிறே? உள்ள வா. அவர் உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்,” என்றாள். அவன் அங்கிருந்தே குழறினான், “மச்சான், உங்க மேல தப்பில்ல. நான்தான் தலகாணி மேல வச்சிட்டேன்.” பழத்தைக் கதவோரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் அவனுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் நான் என் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, உன் லேப்டாப் ஒழுங்கா மூட முடியாம இருந்துச்சே. பேட்டரி உப்பிடுச்சு, மாத்தணும் மாத்தணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தே.”

“மாத்திட்டேன்.”

“எப்போ?”

“ஞாபகம் இல்ல பாப்பா.”

லேப்டாப் மூடியை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். “உனக்கு எப்பவுமே எல்லாம் ஞாபகம் இருக்கும். நீ எதையும் மறக்கிற ஆளே இல்ல. அந்த வாரம் மட்டும் ஏண்ணா தினமும் ஒண்ண மறந்தே?”

நான் தட்டோடு கை கழுவ எழுந்துவிட்டேன். அதற்குமேல் அவள் கேட்கவும் இல்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். பேட்டரி மூடும்போது உப்பியிருந்தது என்றுதான் சொன்னேன், திறக்கும்போது எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றாக இருந்தது. அவ்வளவு அழுக்குக்கு நடுவில் அது ஒன்றுதான் புதிதுபோல இருந்தது. ஒரே ரகம் என்பதால் என்னுடைய உப்பிய பேட்டரி அவன் லேப்டாப்பில் பொருந்தியது, அவனுடையது என்னுடையதில். உப்பிய பேட்டரி சூடேறினால் வெடித்துத் தீப்பிடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வாடிக்கையாளர்களை நானே எச்சரித்து அனுப்பியிருக்கிறேன். அவன் செத்துப்போக வேண்டும் என்றுதான் செய்தேன். வீடு பழையபடி ஆகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. கடைசியாகச் சேர்ந்ததைக் கழற்றினேன், அவ்வளவுதான்.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் ஒன்றே ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று அவள் துணிப்பையோடு கிளம்பும்போது நான் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்தேன். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கப் பிடிப்பேனே, அந்த மாதிரி. அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கி, நான் தொட்ட இடத்தைத் தன் உடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். சீழைத் துடைத்தபோது சுளிக்காத முகம் அப்போது சுளித்தது. படியிறங்கும்போதும் துடைத்துக்கொண்டே போனாள்.

ஏன் சார்? அப்போதுதான் நான் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவியிருந்தேன்.